விடிய விடிய ஓடிய ஸ்கிரிப்ட்

"அண்ணா, புது லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லா இருக்கும்?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. கேட்டவர் ஒரு சிறு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் தம்பி. படித்தது தமிழ். பைதான் என்ற நிரல்மொழியை யூடியூபில் பார்த்து, ராத்திரிகளில் உட்கார்ந்து, தானாகக் கற்றுக்கொண்டவர்.

எதற்கு இப்போது லேப்டாப் என்று கேட்டேன். "ஸ்கிரிப்ட் ஓட மாட்டேங்குதுண்ணா. ராத்திரி பத்து மணிக்கு விட்டா காலைல நாலு மணிக்குத்தான் முடியுது. ஒரு எழுத்த மாத்தினா மறுபடி ஒரு ராத்திரி."

அவர் செய்ய நினைத்த வேலை உண்மையில் நல்ல வேலை. பதிப்பகத்தில் பல வருடங்களாகச் சேர்ந்த புத்தகக் கோப்புகள் இருக்கின்றன. அவற்றை எல்லாம் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாகச் சேர்த்து, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிட்டால், ஒரு தடவை இரண்டு தடவை மட்டும் வரும் சொற்கள் தனியாகத் தெரியும். அதில் பாதிக்கு மேல் எழுத்துப்பிழையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. மெய்ப்புப் பார்க்கிற கண்ணுக்கு அந்தப் பட்டியல் பொக்கிஷம். ஃபைலின் அளவு ஏறக்குறைய 300 எம்பி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் பிடிக்கும் என்பதால், 300 எம்பி என்றால் பத்தரைக் கோடிக் குறிகள், அதாவது ஒரு கோடியே பத்து லட்சம் சொற்கள் போல வரும். பெரியதுதான், ஆனால் ஆறு மணி நேரம் ஓடுகிற அளவுக்குப் பெரியது இல்லை. ஏதோ ஒரு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அப்போதே தோன்றியது. "லேப்டாப் இருக்கட்டும், முதல்ல ஸ்கிரிப்ட அனுப்புங்க" என்றேன்.

அனுப்புவதற்கு முன்பே அவர் செய்து பார்த்த வைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலரும் இந்த வரிசையில்தான் போவோம். முதலில் பைதானைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருக்கிறார். 3.11 வந்தபோது, முந்தைய 3.10-ஐ விட சராசரியாக கால் பங்கு வேகம் கூடியது என்று பைதான் குழுவே சொன்னது, அது பொய்யில்லை. ஆனால் ஆறு மணி நேர வேலை ஐந்து மணி ஆனால் என்ன, விடிகாலை மூன்று மணிக்கு முடியும், அவ்வளவுதான். அப்புறம் வேலையை ஒரே நேரத்தில் ஓடட்டும் என்று நான்கு த்ரெட்டாக, அதாவது நான்கு இழையாக, பிரிக்கப் பார்த்து, கொஞ்சம்கூட வேகம் கூடாமல் குழம்பியிருக்கிறார். சாதாரண பைதானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைதான் நிரலை ஓட்ட முடியும், அதற்கான பூட்டு ஒன்றுதான், அது கையில் இருக்கிற த்ரெட் மட்டும்தான் ஓடும். கணக்குப் போடுகிற வேலையை எத்தனை த்ரெட்டாகப் பிரித்தாலும் வரிசையில்தான் நிற்கும். மூன்றாவது வைத்தியம்தான் லேப்டாப்.

ஸ்கிரிப்ட் 45 வரி. படித்துப் பார்த்தால் ஒளிவுமறைவு இல்லாத, நேர்மையான நிரல். ஃபைலை மொத்தமாக உள்ளே இழுக்கிறது. வரி வரியாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வரியிலும் எழுத்து எழுத்தாகப் போய், அது நிறுத்தக்குறி லிஸ்ட்டில் இருந்தால் விட்டுவிடுகிறது, இல்லையென்றால் புது ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துத் தொடரில், ஒட்டுகிறது. பிறகு இடைவெளியில் வெட்டி, "ஒரு", "இந்த", "என்று" மாதிரி 250 சொற்கள் கொண்ட விலக்குச்சொல் லிஸ்ட்டில் இருந்தால் தாண்டுகிறது. மிச்சம் இருப்பதை எண்ணுகிறது. கடைசியில் ஒரு ஃபைலில் எழுதுகிறது.

எண்ணுகிற இடம்தான் விசேஷம். இரண்டு லிஸ்ட் வைத்திருந்தார். ஒன்று சொற்களுக்கு, இன்னொன்று எண்ணிக்கைகளுக்கு. சொல் முதல் லிஸ்ட்டில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் கடைசியில் சேர், இரண்டாவது லிஸ்ட்டில் 1 போடு. இருந்தால், அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இண்டெக்ஸ் கேட்டு வாங்கி, இரண்டாவது லிஸ்ட்டில் அதே இடத்தில் ஒன்று கூட்டு. தாளில் பென்சிலால் எண்ணினால் நாமும் இப்படித்தான் எண்ணுவோம்.

படித்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றாலும், சந்தேகத்தை வைத்துத் திருத்த ஆரம்பிக்கக் கூடாது என்று பலமுறை சூடு பட்டவன் நான். அதனால் முதலில் அளந்தோம்.

முழு ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று அதிலிருந்து 5 எம்பி, 10 எம்பி, 20 எம்பி என்று மூன்று துண்டு வெட்டச் சொன்னேன். 5 எம்பி ஏறக்குறைய 45 நொடி எடுத்தது. 10 எம்பி இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 20 எம்பி ஆறு நிமிடத்தை நெருங்கியது. இதுதான் துப்பு. ஃபைல் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கானால், அது அந்த வேலையின் நியாயமான கூலி, லேப்டாப் பற்றிப் பேசலாம். இங்கே ஃபைல் இரண்டு மடங்காகும்போது நேரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. அப்படிப் பெருகுகிற வேலைக்கு எவ்வளவு வேகமான இயந்திரம் வாங்கினாலும், இன்னும் நாலு புத்தகம் சேர்த்தால் பழைய நிலைமைக்கே வந்துவிடும். ஏன் நான்கு மடங்காகவில்லை என்றால், உரை நீளும்போது புதுச் சொற்கள் வருவது மெல்ல மெல்லக் குறைகிறது, லிஸ்ட் உரையைவிட மெதுவாக வளர்கிறது.

அடுத்து, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து காட்டும், பைதானோடு வரும் சி-ப்ரொஃபைல் கருவியை வைத்து 10 எம்பி துண்டை ஓட்டினோம். இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருந்தது, முதல் தடவை பயன்படுத்துகிற எல்லோருக்கும் இது நடக்கும். ப்ரொஃபைலர் ஃபங்ஷன்களின், அதாவது பெயர் வைத்துத் தனியாகப் பிரித்த நிரல் துண்டுகளின், கணக்கைத்தான் காட்டும். தம்பியின் ஸ்கிரிப்ட்டில் ஃபங்ஷனே கிடையாது, எல்லாம் மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். அதனால் "மொத்த மாட்யூலும் இவ்வளவு நேரம்" என்று ஒரு பெரிய வரி வந்ததே தவிர, உள்ளே எங்கே என்று தெரியவில்லை. லிஸ்ட்டின் இண்டெக்ஸ் மட்டும் தனி வரியாக, மொத்த நேரத்தில் கால் பங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. "இந்த லிஸ்ட்டில் இது இருக்கிறதா" என்று கேட்கிற இன் என்பது ஃபங்ஷன் கணக்கில் வராது, அது எந்த ஃபங்ஷனுக்குள் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் நேரத்தோடு கரைந்துவிடும். எனவே ஸ்கிரிப்ட்டை துடை, விலக்கு, எண்ணு, எழுது என்று நான்கு ஃபங்ஷனாகப் பிரித்து மறுபடி ஓட்டினோம். இப்போது தெளிவாகத் தெரிந்தது. எண்ணு என்கிற ஒன்றுதான் கிட்டத்தட்ட எல்லா நேரத்தையும் விழுங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. முழு ஃபைலில் வெவ்வேறு சொற்கள் மட்டும் 9 லட்சத்துக்குக் குறையாமல் தேறும். தமிழ் அப்படி. "வீடு", "வீட்டில்", "வீட்டிலிருந்து", "வீட்டிலிருந்துகூட" எல்லாம் தனித்தனிச் சொல் கணக்கு. ஒவ்வொரு புதுச் சொல் வரும்போதும், அது லிஸ்ட்டில் இல்லை என்று உறுதியாகத் தெரிய லிஸ்ட்டின் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும். லிஸ்ட்டின் சராசரி நீளம் நாலரை லட்சம் என்று வைத்தால், புதுச் சொற்களுக்கு மட்டும் 9 லட்சம் பெருக்கல் நாலரை லட்சம், அதாவது 40,500 கோடி ஒப்பீடுகள். ஏற்கெனவே இருக்கிற சொற்களுக்கு இன் ஒரு தேடல், இண்டெக்ஸ் இன்னொரு தேடல், அது வேறு. ஆறு மணி நேரத்தில் முடித்ததற்கு அந்த பழைய லேப்டாப்புக்கு மாலை போட வேண்டும்.

தம்பிக்குப் புரிய வைக்க நான் சொன்னது கோயில் வாசல் செருப்புதான். டோக்கன் இல்லாமல் குவியலில் விட்டால், திரும்பி வரும்போது ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டே போகவேண்டும், கூட்டம் கூடக் கூடத் தேடலும் நீளும். டோக்கன் இருந்தால் எந்த அடுக்கு என்று அதுவே சொல்லிவிடும், ஆயிரம் ஜோடி இருந்தால் என்ன, பத்தாயிரம் இருந்தால் என்ன. பைதானில் அந்த டோக்கன் வைத்த அடுக்குதான் டிக்‌ஷனரி. சொல்லிலிருந்தே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, நேராக அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கும். இரண்டு லிஸ்ட்டையும் தூக்கிவிட்டு ஒரே டிக்‌ஷனரி, சொல் சாவி, எண்ணிக்கை மதிப்பு. மாற்றிய வரிகள் ஐந்தோ ஆறோதான்.

முழு ஃபைலையும் ஓட்டினோம். 8 நிமிடம்.

"போதும்ண்ணா, இதுவே போதும்" என்றார். சரிதான், ஆறு மணி நேரத்தைப் பார்த்தவருக்கு 8 நிமிடம் சொர்க்கம். ஆனால் இப்போதுதான் எனக்கு ஆர்வம் பிடித்தது, ஏனென்றால் பெரிய மலை விலகினால் பின்னால் நின்ற குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும். மறுபடி ப்ரொஃபைலர். முன்பு கண்ணிலேயே படாத எழுது இப்போது முதலிடத்தில் இருந்தது, மூன்றரை நிமிடம். ஏன் என்று பார்த்தால், ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் அவுட்புட் ஃபைலைத் திறந்து, ஒரு வரி எழுதி, மூடியிருக்கிறார். 9 லட்சம் தடவை திற, மூடு. விண்டோஸில் ஒவ்வொரு தடவை ஃபைல் திறக்கும்போதும் ஆன்டிவைரஸ் வேறு எட்டிப் பார்க்கும். "மூடலைன்னா டேட்டா போயிடும்னு பயமா இருந்துச்சுண்ணா" என்றார். ஒரு முறை கரன்ட் போய் எல்லாம் போன அனுபவமாம். திரும்பத் திரும்ப ஓடுகிற லூப்புக்கு வெளியே ஒரே தடவை வித் என்ற கட்டளை போட்டுத் திறந்து, உள்ளே எழுதிக்கொண்டே போனால் பைதானே துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து எழுதிவிடும், கடைசியில் தானே மூடும். மூன்றரை நிமிடம் காணாமல் போனது.

அடுத்தது விலக்குச்சொற்கள். ஒரு நிமிடத்துக்கு மேல். 250 சொல் லிஸ்ட்டை, அதே டோக்கன் முறையில் தேடுகிற செட் என்ற அமைப்பாக மாற்றினால் தீர்ந்துவிடும், பழைய கதைதான். மாற்றப் போகும்போது ஒரு கேள்வி வந்தது. "தம்பி, நமக்கு வேண்டியது ஒண்ணு ரெண்டு தடவை வர்ற சொல்லுதானே? 'ஒரு', 'இந்த' எல்லாம் லட்சக்கணக்குல வரும், பட்டியலோட அந்தக் கோடியில கிடக்கும். அத ஏன் நீக்கணும்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார்: "நான் பார்த்த வீடியோவுல நீக்கினாங்கண்ணா."

அந்தப் பகுதியை அப்படியே அழித்தோம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இதுதான். யார் வேண்டுமானாலும் லிஸ்ட்டை செட்டாக மாற்றிவிடலாம், ஆனால் இது எதற்கு என்று கேட்க, ஸ்கிரிப்ட் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும்.

மிச்சம் இருந்தது துடை. எழுத்து எழுத்தாகப் போகிற லூப். பத்தரைக் கோடிக் குறிகள், ஒவ்வொன்றும் 40 நிறுத்தக்குறிகளோடு ஒப்பிடப்படுகிறது. சாதாரணத் தமிழ் எழுத்து எதுவும் அந்த லிஸ்ட்டில் இருக்காது என்பதால் ஒவ்வொரு தடவையும் கடைசிவரை போய்த்தான் திரும்பும். 420 கோடி ஒப்பீடு. ஸ்ட்ரிங்கில் எழுத்து எழுத்தாக ஒட்டுவதுதான் பாவம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், நானும் அதைத்தான் முதலில் எதிர்பார்த்தேன். இங்கே ஒவ்வொரு வரிக்கும் ஸ்ட்ரிங் புதிதாக ஆரம்பிப்பதால் அது பெரிதாக வளரவே இல்லை, அது ஒரு பொருட்டாகவும் இல்லை. லூப்பே பைதானில் ஓடுவதுதான் செலவு. அந்த லூப்பை பைதானுக்குள் இருக்கும், சி மொழியில் எழுதிய வேகமான நிரலிடம் தள்ளிவிட்டால் போதும்.

மாதிரி கொடுத்து உரையில் தேடுகிற ரெகெக்ஸ் இருக்கவே இருக்கிறது என்று, ஃபைண்ட்ஆல் ஃபங்ஷனில், சொல் எழுத்துகளைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டு ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன். பறந்தது. தம்பி முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பட்டியலைத் திறந்தோம். முதல் வரியில் "த". அடுத்தது "க". அப்புறம் "ப". 9 லட்சம் சொற்கள் எங்கேயோ போய், ஏதோ துண்டும் துணுக்குமாகக் கொஞ்சம் கிடந்தது.

தப்பு என்னுடையது. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம், ஆனாலும் ஆங்கில உரையோடு பழகிய கை தானாக அதைத் தட்டிவிட்டது. பைதானின் ரெகெக்ஸ், பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோட் கணக்கில் க, ங, ச எல்லாம் எழுத்து, ஆனால் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் எழுத்து இல்லை, எழுத்தோடு சேரும் குறிகள். அவற்றைப் பார்த்தவுடன் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடும். "தமிழ்நாடு" என்று கொடுத்தால் "தம", "ழ", "ந", "ட" என்று நான்கு துண்டாகக் கையில் கொடுக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதே பைதான் ஒரு வேரியபிளுக்குத் தமிழில் "எண்ணிக்கை" என்று பெயர் வைத்தால் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பெயர் என்று வந்தால் புள்ளியும் கொம்பும் சேர்த்தி, ரெகெக்ஸ் என்று வந்தால் அவை யாரோ. தனியாக இன்ஸ்டால் செய்கிற ரெஜெக்ஸ் என்ற இன்னொரு லைப்ரரி இதைச் சரியாகச் செய்யும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களின் முதல் குறியிலிருந்து கடைசிக் குறிவரை ஒரு சதுர அடைப்புக்குள் கொடுத்து, "இந்த எல்லைக்குள் இருப்பது தொடர்ந்து எவ்வளவு வந்தாலும் ஒரு சொல்" என்று எழுதினால் முடிந்தது. கூடவே, எழுத்துகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், இணைப்புநீக்கி என்ற குறிகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம், இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அவை நடுநடுவே ஒளிந்திருக்கும்.

ஸ்ட்ரிங்கின் டிரான்ஸ்லேட் மெத்தடும் ஒரு வழிதான், நிறுத்தக்குறிகளை எல்லாம் ஒரே வீச்சில் மாற்றிவிடும். ஆனால் அது ஆங்கில உரையில் காட்டுகிற பாய்ச்சலைத் தமிழில் காட்டாது. வெறும் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளாக இருந்தால் அதற்கென்று ஒரு குறுக்குவழி உள்ளே இருக்கிறது, தமிழ் என்றால் ஒவ்வொரு குறிக்கும் அட்டவணையைப் புரட்டவேண்டும். ஓட்டிப் பார்த்தோம், பழைய லூப்பைவிட எவ்வளவோ மேல், ரெகெக்ஸைவிடக் கொஞ்சம் மெதுவு. விட்டுவிட்டோம்.

வரும் சொற்களை எண்ண, நாமே டிக்‌ஷனரியில் கூட்டுவதற்குப் பதிலாக கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் கவுண்டரிடம் கொடுத்தோம். அதன் எண்ணுகிற பகுதியும் சி-யில் எழுதப்பட்டதுதான். ஃபைலையும் மொத்தமாக இழுக்காமல் வரி வரியாகப் படித்தோம். இது வேகத்துக்காக மட்டும் இல்லை. பைதான் 3.3-இலிருந்து ஒரு ஸ்ட்ரிங்கில் இருக்கும் மிகப் பெரிய குறியைப் பொறுத்து, குறிக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று இடம் ஒதுக்கும். தமிழ் என்றால் 2. ஆனால் அந்த 300 எம்பி உரையில் யாரோ ஒரு எழுத்தாளர் முன்னுரையில் ஒரே ஒரு ஸ்மைலி போட்டிருந்தால் போதும், மொத்த ஸ்ட்ரிங்கும் குறிக்கு 4 பைட்டாக, 400 எம்பிக்கு மேல் வீங்கிவிடும். வரி வரியாகப் படித்தால் அந்த ஒரு வரி மட்டும்தான் வீங்கும். (இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது.)

முழு ஃபைலும் இப்போது 16 நொடி.

இனிமேல்தான் முக்கியமான வேலை. 5 எம்பி துண்டுக்குப் பழைய ஸ்கிரிப்ட் கொடுத்த பட்டியலையும், புதிய ஸ்கிரிப்ட் கொடுத்த பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். ஒத்துப் போகவில்லை. ஒவ்வொரு வேறுபாடாக எடுத்துப் பார்த்ததில் அரை நாள் போனது, வேகப்படுத்த எடுத்த நேரத்தைவிட இது அதிகம். பழையதில் எண்களும் ஆங்கிலச் சொற்களும் இருந்தன, புதியதில் இல்லை. அது நமக்கு வேண்டாம், சரி. "அங்கு-இங்கு" என்று இருந்ததில் பழைய லூப் நடுக்கோட்டை வெறுமனே அழித்து "அங்குஇங்கு" என்று ஒட்டி வைத்திருந்தது, அதைப் புதியது இரண்டு சொல்லாகப் பிரிக்கிறது. இது பழைய பிழை. நோட்பேடில் சேமித்த சில ஃபைல்களின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருந்து, அந்தப் புத்தகங்களின் முதல் சொல் எல்லாம் தனிச் சொல்லாக எண்ணப்பட்டிருந்தது. அதுவும் பழைய பிழை. ஆக, இத்தனை ராத்திரி விழித்து வாங்கிய பட்டியலே முழுதாகச் சரியில்லை என்று தம்பிக்குத் தெரிந்தபோது கொஞ்சம் வருத்தம்தான்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கண்ணில் ஒன்று பட்டது, மெய்ப்புப் பார்க்கிற கண் அல்லவா. "அண்ணா, 'கொண்டு' ரெண்டு தடவை வருது பாருங்க." பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரிகின்றன, எண்ணிக்கை மட்டும் வேறு வேறு. பழைய புத்தகங்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்தவை, பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. அந்த மாற்றத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்காமல், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாக வைத்திருக்கிறது. திரையில் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே சங்கதி.

இதற்கு யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒன்று இருக்கிறது, என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒவ்வொரு வரியையும் படித்தவுடன் நார்மலைஸ் செய்தோம். சரியாக வந்தது, ஆனால் 16 நொடி 30 நொடி ஆகிவிட்டது. வழக்கமாக இந்த ஃபங்ஷன் முதலில் ஒரு விரைவுச் சோதனை செய்யும், ஸ்ட்ரிங் ஏற்கெனவே சரியாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும், அதனால் ஆங்கிலத்துக்கு இது ஓசி. தமிழில் அந்தச் சோதனை கால் குறியைக் கண்டதும் தடுக்கி விழுகிறது. கால் என்பது முன்னால் இருக்கும் கொம்போடு சேரக்கூடிய குறி என்பதால், யூனிகோட் அட்டவணையில் அதற்கு "இருக்கலாம்" என்று போட்டிருக்கிறது. "இருக்கலாம்" என்று வந்தால் முழு மாற்று வேலையையும் செய்தாகவேண்டும். கால் வராத தமிழ் வரி எங்கே இருக்கிறது?

30 நொடி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, விட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த வேலையை ஏன் ஒரு கோடியே பத்து லட்சம் சொல்லுக்கும் செய்யவேண்டும்? "கொண்டு" என்பது ஆயிரக்கணக்கான தடவை வருகிறது, ஆயிரக்கணக்கான தடவையும் அதே விடைதான். முதலில் வந்தபடியே எண்ணி முடித்துவிட்டு, கடைசியில் இருக்கும் 9 லட்சம் தனிச் சொற்களை மட்டும் நார்மலைஸ் செய்து, ஒன்றாகிற இரண்டின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் போதும். கொம்பும் காலும் தமிழ் எல்லைக்குள்தான் இருக்கின்றன என்பதால் சொல் வெட்டுகிற இடமும் மாறாது. அந்த இணைப்பான்களை உரித்துப் போடுகிற வேலையையும் இங்கேயே நகர்த்தினோம். 18 நொடி. ஆறு மணி நேரத்தோடு பார்த்தால் ஆயிரம் மடங்குக்கு மேல், அதே பழைய லேப்டாப்பில்.

இதற்கு மேலும் பிழிந்திருக்கலாம். வேலையைத் தனித்தனி பைதானாகப் பிரித்து ஓட்டுகிற மல்டிபிராசஸிங் போட்டு நாலு கோரில் ஓட்டினால் ஏழெட்டு நொடிக்கு வந்திருக்கும். டீ ஆற்றுகிற நேரத்தில் முடிகிற வேலைக்கு அவ்வளவு மெனக்கெட எனக்கு மனம் வரவில்லை, தம்பி பிறகு அந்த நிரலைப் படித்துத் திருத்தவேண்டும் என்பதும் இருக்கிறது. ஸ்கிரிப்ட் இப்போது 22 வரி, அவருக்கு எல்லா வரியும் புரிகிறது.

லேப்டாப் வாங்கவில்லை. முன்பு மாதம் ஒரு தடவை ஓட்டியதை, இப்போது ஒவ்வொரு அத்தியாயம் திருத்தி முடித்ததும் ஓட்டுகிறார். ஓரிரு தடவை வரும் சொற்கள் மட்டும் 5 லட்சம், அதில் எது பிழை, எது அபூர்வமான நல்ல சொல் என்று பிரிப்பதுதான் அவருக்கு இப்போது தலைவலி.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி மெசேஜ். "அண்ணா, மறுபடி ஸ்லோ. நேத்து விட்டது இன்னும் ஓடுது." திறந்து பார்த்தேன். அந்த 5 லட்சம் சொல்லுக்கும், "இதற்குக் கிட்டத்தில் இருக்கும் சரியான சொல் எது" என்று கண்டுபிடிக்க, 9 லட்சம் சொற்களோடும் ஒவ்வொன்றாக எழுத்து வித்தியாசம் கணக்கிடுகிற ஒரு லூப்பைச் சேர்த்திருக்கிறார். யோசனை அருமையானதுதான். 5 லட்சம் பெருக்கல் 9 லட்சம், 45,000 கோடி ஜோடி. ஒரு ஜோடிக்கு ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 45 லட்சம் நொடி வருகிறது, அதாவது 52 நாள். "தம்பி, அத நிறுத்திட்டு முதல்ல 5 எம்பி துண்ட எடுங்க" என்று பதில் போட்டேன்.